இரண்டு மில்லிமீட்டரில்

திரியெஸ்தேயில் போரா காற்று வீசும் நாள்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
காற்று எட்டாத நிலவறையில்
எள்ளைவிட ஒல்லியான விதைகளை
எண்ணிக்கொண்டிருக்கிறேன் நான். பதினாறு.
ஸ்ட்ரோன்ஷியம். தொடக் கூடாது.
பார்ப்பதும் தடித்த அக்ரிலிக் வழியாகத்தான்.

தண்ணீராக நடிக்கும் நெகிழிக் கட்டை ஒன்று,
அதில் இதயக் குழாய் என்று பேர்பெற்ற துளை,
துளையிலிருந்து அரை அரை மில்லிமீட்டர் தள்ளிப் படலங்கள்.
கதிர் பட்ட இடம் நீலமாகும், ஆனால் உடனே அல்ல;
ஒருநாள் ஆற விட வேண்டும், ரொட்டி மாவைப்போல்.

நடுவிலிருந்து இரண்டு மில்லிமீட்டரில் பதினெட்டு கிரே.
ஒன்றரையில் அதற்கும் பாதி கூடுதல்.
மூன்றில் பாதிகூடத் தேறாது.
கட்டைக்குத் துடிப்பு இல்லை.
அதன்மேல் எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் அதுதான்.

நெரேயோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
வைத்த ஸ்டென்ட்டுக்குள் மறுபடி சதை வளர்ந்திருந்தது,
சாக்கடைக் குழாயில் வேர் இறங்கின மாதிரி.
"எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்றார், படுத்தபடியே.
சொன்னேன்.
"எந்த இடத்தில்?"

பதினொரு வருஷத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

இரண்டு மில்லிமீட்டரில், என்றேன்.
"என் சுவர் இரண்டிலேயே நிற்குமா?"
நிற்காது. ஒரு துடிப்பில் ஒன்றரை,
மறு துடிப்பில் இரண்டரை.
குழாய் நடுவே கிடக்கச் சொன்னாலும்
கம்பி ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும்.
சிரித்தார். "போராவில் கண்டெய்னரும் அப்படித்தான், ஒந்தீனா.
கொக்கியைப் பார்த்தால் தலை சுற்றும்.
ஆட்டத்துக்கு ஒரு நடு உண்டு,
அதை மனசில் வைத்து இறக்கணும்."

மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு நொடி.
விதைகள் நீரின் தள்ளலில் போயின, நின்றன, திரும்பின.
திரும்பியவற்றை எண்ணினேன். பதினாறு.
மறுபடியும் எண்ணினேன்.
அறிக்கையில் பதினெட்டு என்று எழுதி
பக்கத்தில் கூட்டல், கழித்தல் போட்டு
பேனாவை மூடிவிட்டேன்.
சாயங்காலம் வந்துதான் எழுதினேன்: இருபது சதம்.
தாராளம் என்பார்கள் மேலே.

மறுநாள் படலங்களை ஸ்கேன் செய்தால்,
ஒப்பிடுவதற்கென்று ஒதுக்கிய, கதிரே காணாத படலத்திலும்
லேசாக நீலம் பாய்ந்திருந்தது.
இழுப்பறையில் கிடந்த மாதங்கள்.
யாரோ திறந்து மூடிய வெளிச்சம்.
அதைக் கழித்த பிறகுதான்
மற்றதை அளக்க முடியும்.

கழித்தேன்.

வெளியே கயிறுகளை இன்னும் அவிழ்க்கவில்லை.
கையுறை போட மறந்து
ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்,
அது ஆடிய பக்கமெல்லாம் ஆடி.