நடுவில் வெள்ளை

பெட்ரோல் நிலையக் குலுக்கலில்
நாகையாவுக்கு விழுந்தது இரண்டு டிக்கெட்.
இல்லாவிட்டால் ஆளுக்கு முப்பத்தெட்டு வெள்ளி
ஐஸ் பார்க்க யார் கொடுப்பார்?
அதுவும் நான்.
விடியக்காலை நாலு மணிக்கு
சாக்கு மடித்து அதைத் தோளில் சுமக்கிறவள்.

பாகாவ் டவுனைத் தாண்டி,
ரப்பர் ஷீட் காயவைத்த பழைய புகைவீட்டில்
இப்போது மைனஸ் ஆறு டிகிரி.
வாசலில் கோலாலம்பூர் பஸ் இரண்டு,
சிங்கப்பூர் நம்பர் கார்கள்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

மேலங்கி தந்தார்கள்.
உள்பையில் யாரோ விட்டுப்போன இருமல் மிட்டாய்.
கையுறை இரண்டும் இடது கைக்கு.
சிலிப்பரோடு வந்த நாகையாவுக்கு
மஞ்சள் பூட்ஸ், ஒரு சைஸ் சின்னது.
கல்யாணத்தன்று நடந்த மாதிரியே
நடந்து உள்ளே போனார்.

உள்ளே எல்லாம் நீலம்.
ஐஸ் நாற்காலி, மேலே ஆட்டுத்தோல்.
தோகை விரித்த ஐஸ் மயில்.
பால்மரம் சீவும் ஐஸ் பெண் ஒருத்தி,
கத்தியைத் தலைகீழாய்ப் பிடித்துச் சிரித்தாள்.
"இப்படிச் சீவுனா மரம் செத்துரும்" என்றார் இவர்,
யாரும் கேட்காமலே.
வந்தவர்கள் வாயால் ஆவி விட்டுக் காட்டி
படம் எடுத்தார்கள்.
அத்தனை குளிரிலும் சுவரைவிட்டு
போகாமல் இருந்தது புகை வாசம்.

நான் மயிலின் கழுத்தைத் தட்டிப் பார்த்தேன்.
நல்ல ஐஸ் தட்டினால் பேசும்.
இது முனகியது.
விளக்குக்கு எதிரே குனிந்து பார்த்தால்
நடுவில் வெள்ளை.
அவசரத்தில் உறையவைத்த தண்ணீர்
காற்றை உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.
யார் வீட்டுக் கட்டி என்று தெரிந்துவிட்டது:
ஆ ஹோக் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்.

"வியாழன்வரை தாங்காது" என்றேன்
மது கலக்கும் பையனிடம், மலாயில்.
நேபாளத்துக்காரன், பேர் திலக்.
அரைக்கைச் சட்டையில் நின்றான்.
குளிரலையா என்றேன்.
இதுவா, என்று மேலும் கீழும் பார்த்தான்.
இதற்குமுன் கையுறைத் தொழிற்சாலையாம்,
ரப்பர் வேகும் சூட்டில் மூன்று வருசம்.
"ஊரில் பனி வந்தால் கதவைச் சாத்துவோம்.
இங்கே காசு கொடுத்துத் திறக்கச் சொல்கிறார்கள்."

பச்சையாய் ஒன்று குடிக்க வந்தது.
பண்டான் வாசம், அடியில் நெருப்பு.
கிளாஸும் ஐஸ்தான்.
கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன், பழக்கம்.
ஒரு நொடி உதடு ஒட்டிக்கொண்டது.
நாகையா மூன்று குடித்தார்.
மூன்றாவதில் என் தோளில் கைபோட்டு
படம் பிடிக்கச் சொன்னார் திலக்கை.
இருபத்தாறு வருசத்தில்
மீன் வாடை இல்லாமல் நாங்கள் நின்றது
அந்தப் படத்தில்தான்.
அதிலும் குல்லா கண்வரைக்கும்.

நாற்பது நிமிடம். மணி அடித்து வெளியே விட்டார்கள்.
மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து
ஊரே காணாமல் போனது.
துடைக்காமல் கொஞ்சநேரம் நின்றேன்.
தவளைச் சத்தம், எண்ணெய் ஆலை வாடை,
பூட்ஸ் கழன்ற சந்தோஷத்தில்
பக்கத்தில் யாரோ விரல் நெட்டி முறிக்கும் சத்தம்.

வெள்ளிக்கிழமை, இன்னும் விடியவில்லை.
ஆ ஹோக் லாரி கட்டிகளை இறக்கியது.
கடைசியில் சாக்குப் போர்த்திய ஒன்று.
"இதுக்குக் காசு வேணாம்" என்றான் டிரைவர்.
விலக்கிப் பார்த்தால்
மயிலின் கழுத்து,
ஒரு கண், கொண்டையில் பாதி.

கெம்போங் மீன் கூடையில் காத்திருந்தது.
நாகையா சுத்தியலோடு என்னைப் பார்த்தார்.
"இரு" என்றேன்.
போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன்.
திலக்குக்கு அனுப்பலாம் என்றால்
நம்பர் இல்லை.
மயில் அதற்குள்
மேசை ஓரமாய்ச் சொட்ட ஆரம்பித்திருந்தது.

"கொண்டையிலேர்ந்து அடி" என்றேன்.
"கண்ணை மட்டும் நண்டு மேல வை."