பன்னிரண்டாவது முகம்

பதினொரு பேருக்கும் புகைப்படம் இருந்தது.
மீசை, தலைப்பாகை, கழுத்துப்பட்டி,
ஒருவருக்கு நாய்கூட.
வெட்டினேன், ஒட்டினேன்,
தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை நெற்றியில் அழுத்தினேன்,
பழைய உறுதிக் கடதாசியில் கன்னம் செய்தேன்.
வங்கியின் வரவேற்பறைக்கு அது போதும்.

சவரியாயிக்கு எதுவும் இல்லை.
துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவள்.
கணக்கில் பொய் இருக்கிறதென்று
கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றவள்.
பொலிஸ் குறிப்பில் ஒரே வரி:
குள்ளம். கறுப்பு. சத்தம் அதிகம்.
மட்கிய பத்திரிகையொன்றில் ஒரு படம்.
கூட்டத்தின் மூன்றாம் வரிசையில் அவள்,
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ ஒரு துரையின் குடை.

மூன்று இரவு அந்தக் குடையோடு இருந்தேன்.
ஜம்பட்டா வீதியில் கடைசி ஓட்டோவும் அடங்கியபின்
பிளேட்டால் குடையை மட்டும் அறுத்தெடுத்தேன்.
பின்னால் முகமா இருக்கும்?
ஓட்டை.
ஓட்டைக்குள் என் மேசை,
பிளேன்ரீ கிளாஸ் விட்ட வட்டக் கறை.

அறுத்த துண்டைத் திருப்பினேன்.
கப்பல் வரவுப் பட்டியல்:
எந்தக் கப்பல், எந்த நாள், எத்தனை தொன் கரி.

அதையே முகமாக வைத்தேன்.

கூந்தலுக்கு, நிஸ்தார் நாநாவின் தையல்கடையில்
கூட்டி ஒதுக்கிய நூல்.
தோளுக்குச் சீமெந்துப் பை.
கரி வாங்கப் போகவில்லை.
காஸ் இல்லாத அந்த வருசம்
பல்கனியில் மூட்டிய அடுப்பின் மிச்சம்
பால்மா டின்னொன்றில் இன்னும் கிடந்தது.
விரலால் தேய்த்தேன்.
கப்பல்களின் பெயர் மங்கியது,
தொன் கணக்கு மங்கவில்லை.

கண்தான் கடைசிவரை வரவில்லை.
பதினொருவரில் நாலாமவர் கரிக் கொம்பனி முதலாளி.
அவரை வெட்டிய மிச்சத்தில் மூக்குக்கண்ணாடி இருந்தது.
வைத்துப் பார்த்தேன்.
தனியே இருந்து சிரித்தேன்,
எடுத்துவிட்டேன்.
பிறகு மண்ணெண்ணெய் வரிசையில் தந்த டோக்கன்கள்,
இருநூற்றுப் பன்னிரண்டு என்னுடையது,
பதின்மூன்று மச்சாளுடையது,
அட்டை, ஒரே அளவு.

வங்கியிலிருந்து திலினி வந்தாள்.
கிட்டப் போய், எட்டப் போய்ப் பார்த்தாள்.
"இவ ஹிஸ்டரியில இருக்கிறாவா?"
ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் கேட்டாள்.
தெரியாது என்றேன்.
பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தாள்.

கோதுமைமாப் பசை
கொட்டாஞ்சேனைக் கடல்காற்றுக்கு நிற்காது.
தாடைப்பக்கம் ஓரம் எழும்புகிறது.
அகராதியை வைத்து அழுத்தினேன்,
காலையில் திரும்பவும் எழும்பியிருந்தது.
வியாழக்கிழமை வேன் வரும்.
இப்போது எறும்பு வேறு.