எடுத்திருப்பவர்

கோரையாற்றில் நிற்கிற பதினாலாம் மதகை
வெட்டாற்று மாடலில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.
யார் தப்பு என்று பிறகு பார்க்கலாம்.
இன்று அதை நகர்த்த வேண்டும்:
நான்கு ஷட்டர், ஐந்து தூண், மேலே ஒரு நடைபாலம்.

கும்பகோணம், மகாமகக் குளத்துக்குப் பின்தெரு,
இரண்டாம் மாடி. கீழே பாத்திரக்கடையில்
யாரோ குடத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள்.
இழுக்கிறேன். வரவில்லை.
எடுத்திருப்பவர்: நஜிமுதீன், திருவாரூர்.

கோரையாறு என் பெயரில்தான் இருக்கிறது.
திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாக
செக்அவுட் செய்துவிட்டேன்.
வைக்கிற இடம் மட்டும் கையில் இருந்தால் போதாது,
எடுக்கிற இடமும் வேண்டும்.
ஓரிடத்தில் அழித்து ஓரிடத்தில் எழுதுவதைத்தான்
இந்த மென்பொருள் நகர்த்துவது என்கிறது.
எட்டு வருஷமாகத் தெரியும்;
இருந்தும் ஒவ்வொரு முறையும் இழுத்துத்தான் பார்ப்பேன்.

நகல் எடுக்கலாம். வெட்டாற்றுப் பக்கம்
யாரையும் கேட்க வேண்டாம்.
போன வருஷம் அப்படித்தான் ஒரே கதவணை
இரண்டு ஆற்றிலும் நின்றது.
சிமெண்ட் இரட்டிப்பு, கம்பி இரட்டிப்பு,
தணிக்கைக்காரர் முன்னால் ஆடை படிந்துபோன என் டீ.

பூட்டை உடைக்கவும் வழி உண்டு,
அட்மினிடம் சொன்னால் அரை நிமிஷம்.
ஆனால் நஜிமுதீன் இன்னும் சேமிக்காதது
ஏதாவது இருந்தால் அதோடு போய்விடும்.
முழங்கால் சேற்றில் நின்று மட்டம் பார்த்துவிட்டு வருகிற மனிதர்.

செவ்வாய். புதன்.
வியாழன் மதியம் கூப்பிட்டேன், கொஞ்சம் கோபமாகவே.

"சார், வெட்டாற்றை விடுங்க. பதினாலாம் மதகு அங்க இல்ல."

"தெரியும் மேடம். அதை நகர்த்தத்தான்
நாலு நாளா உக்காந்திருக்கேன்.
கோரையாற்றை யாரோ பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறாங்க."

"பேரு போட்டிருக்குமே?"

"இருங்க" என்றார்.
பஸ் ஹாரன் ஒன்று நீளமாகக் கடந்து போனது.
"வி. புனிதவதி, கும்பகோணம்."

கீழே குடத்தை இன்னும் வாங்கியபாடில்லை.

சரி நான் விடறேன் என்றேன்,
இல்ல இல்ல நான் விடறேன் என்றார்.
சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.
இப்போது இரண்டு ஆறும் யார் பெயரிலும் இல்லை,
திறந்து கிடக்கின்றன.
மதகு வெட்டாற்றிலேயே நிற்க,
நீங்க எடுங்க, இல்ல நீங்க எடுங்க என்று
பந்தியில் முதல் இலைக்கு உபசரிப்பதுபோல்
போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.