ஏழாம் நிரல்

அளம்பில் கரையில் படகு தட்டிய காலை
எனக்கு வந்த முதல் கட்டளை:
"ஆட்களை எண்ணுங்கோ, மிஸ்."
எண்ணினேன். அறுபத்திரண்டு.
திரும்ப எண்ணினேன். அறுபத்துமூன்று.
ஒன்று சீலைக்குள் இருந்தது.

கடற்படை வரும்வரை நான்தான் அரசாங்கம்.
ஒரு படிவம், ஈரத்தில் எழுத மறுக்கும் பேனா.
கடவுச்சீட்டு இலக்கம், விசா வகை,
ஏழாம் நிரலில்: நாட்டுக்குள் பிரவேசித்த முறை.

செபமாலைச் சம்மாட்டி சத்தமாய்ச் சொன்னார்:
"சட்டம் எண்டால் சட்டம்.
இண்டைக்கு விட்டால் நாளைக்கு நூறு வரும்."
இழுவைப் படகுகள் மூன்று தரம் அவர் வலையை அறுத்தவை.
அவர் பேச்சில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன்.
அவருடைய மூத்தவன் பெலாரஸ் காட்டுக்குள்ளால் நடந்துபோய்
பாரிசில் கோப்பை கழுவுகிறான்.
"அது வேறை," என்றார்,
நான் ஒன்றும் கேட்காமலே.
பிறகு அன்றைய பாரையில் பாதியை
தன் பெரிய சட்டியில் குழம்பு வைக்கக் கொடுத்தார்.

சட்டம் தெரியாத சனமில்லை நாங்கள்.
தாண்டிக்குளத்தில் இந்தப் பக்கம் ஒரு பாஸ்,
அந்தப் பக்கம் ஒரு பாஸ்,
நடுவில் ஒருவருக்கும் சொந்தமில்லாத வெயில்.
நாலு பென்டோர்ச் பற்றரிக்காக
அப்பா பதினேழு நாள் உள்ளே இருந்தார்.
மெழுகுதிரியும் தடைப் பட்டியலில்.
அந்த வருசத்து நத்தார்ப் பூசை
தேங்காயெண்ணெய் வெளிச்சத்தில் நடந்தது.

பின்னேரம் ஒருத்தி என் முழங்கையைத் தொட்டாள்.
மழை இருட்டு, சூரியன் இல்லை.
திசை கேட்கிறாள் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.
தண்ணீரூற்றில் என்னோடு படித்த ஃபஸ்மினாவின் உம்மா
எந்தப் பக்கம் பார்த்து நிற்பா?
யோசித்து, நந்திக்கடல் பக்கம் கை நீட்டினேன்.
ஃபஸ்மினாவும் ஒரு கட்டளையில் போனவள்தான்,
வாங்கு மேசையில் கொப்பியை விட்டுவிட்டு.
இவள் நெற்றி மணலைத் தொட்டது.
நான் படிவத்தைக் கவிழ்த்துப் பிடித்தேன், மழைக்கு.

றொபின்சன் போன இரவு
நான் சட்டத்துக்காகச் செபிக்கவில்லை.
ரோந்துக் கப்பலின் கண்ணைக் கட்டு தாயே,
என் தம்பியை மட்டும் காணாமல் செய் என்று
முழங்காலில் கிடந்தேன்.
அப்போது நான் பயிற்சி விதானை.
அரசுக்குச் சத்தியம் செய்து ஆறு மாதம்.
மாதா எந்தப் பிரிவின் கீழ் அதை விசாரித்தாவோ,
முப்பத்தோராம் நாள் அழைப்பு வந்தது:
"தீவொண்டில கம்பிக்குள்ள இருக்கிறன் அக்கா. உயிரோட."
நேர்த்திக்குக் கொடுத்த வெள்ளிப் படகு
கோயில் கண்ணாடிப் பெட்டியில் இப்பவும் கிடக்கிறது,
ஒரு வெள்ளிக் காலுக்கும் இரண்டு கண்களுக்கும் நடுவில்.

ஏழாம் நிரலில் "கடலால்" என்று எழுதினேன்.
கந்தோரிலிருந்து வந்தவர் சிவப்பால் வெட்டினார்.
சரியான சொல் எனக்குத் தெரியும்.
அது பொய்யுமில்லை.
மேலதே என்று இரண்டு கீறு போட்டிருக்கலாம்.
போடவில்லை.
"சட்டவிரோதமாக", "சட்டவிரோதமாக" என்று
ஒவ்வொருவருக்கும் தனித்தனியாய் எழுதினேன்,
பெயர்களில் ஸவா ஷவா என்று தெரியாமலே.
அறுபத்துமூன்றாவதில் பேனா நின்றது.
படகில் பிறந்து எட்டு நாள்.
"எழுதுங்கோ," என்றார் அவர். எழுதினேன்.

ஞாயிறு பூசையில் சுவாமி இரண்டு வாசகம் எடுத்தார்.
ஆளுகிறவர்க்கு அடங்கச் சொல்லும் ஒன்று,
அந்நியனுக்குக் கதவு திறக்கச் சொல்லும் ஒன்று.
நடுவில் இருமினார். தண்ணீர் குடித்தார்.
நாங்கள் காத்திருந்தோம்.
அதோடு காணிக்கைப் பாட்டுத் தொடங்கிவிட்டது.

முற்றத்தில் செபமாலை என்னை மறித்தார்.
"சட்டியும் பஸ்ஸோட போட்டுது, மிஸ்.
அதை எடுக்கவும் ஒரு போர்ம் இருக்கோ?"
இல்லை என்றேன்.
"சரி," என்றார்,
"அங்கை ஆரும் சமைக்கட்டும்."
பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்.