ஐந்து மைல்

அவள் பெயர் ஆர்டெல்லா.
கிளைடு ஆற்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலில் இறக்கினார்களாம்.
இரண்டு புகைபோக்கி, பதினோராயிரம் டன்,
முதல் வகுப்புச் சாப்பாட்டறையில் ஒரு பியானோ.
ஏஜெண்டு ஆபீஸ் சுவரில் தொங்கிய படத்துக்கு அடியில்
இவ்வளவும் எழுதியிருந்தது.
எங்கள் வாயில் அந்தப் பெயர் நிற்கவில்லை.
தோணிக்காரர்கள் ஆறுதலா என்றார்கள்.
தட்டப்பாறை முகாமில் ஊசி போட்டுக்கொண்டு கிடந்த சனம்
விடிந்தால் கேட்கும்:
"ஆறுதலா வந்துட்டாளா?"

தூத்துக்குடிக் கடலுக்கு ஆழமில்லை.
பந்தியில் உட்கார மாட்டேனென்ற சம்பந்தி மாதிரி
ஐந்து மைல் தள்ளியே நிற்பாள்.
பருத்தியும் ஆடும் ஆளும் தோணியில் போகும்.
நான் தோணியில் எண்ணுகிறவன்.
பொதி 640. வெங்காயம் 300 மூட்டை.
ஆடு 115. ஆள் 212.
எல்லாவற்றுக்கும் ஒரே பென்சில்.

பதினொன்றாம் வருஷம், ஐப்பசி.
எதிர்காற்று. சிலுவை கொரைரா தண்டல்
பாயை இறக்கிவிட்டுத் துடுப்புப் போடச் சொன்னான்.
பாதிக் கடலில் கயத்தாற்று மாடத்தி
பருத்திப் பொதிகளுக்கு நடுவே குந்தினாள்.
இரண்டு பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்தார்கள்.
நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்டை எண்ணினேன்.
நூற்றுப் பதினைந்து.
மறுபடி எண்ணினேன். நூற்றுப் பதினைந்து.
அப்புறம் ஒரு குரல்,
ஆட்டினுடையது இல்லை.

கப்பலின் ஏணியில் நான் ஏறியது
அன்றைக்கு மட்டுந்தான்.
இருநூற்றுப் பதிமூன்று என்றேன்.
இரண்டாவது துரை சீட்டைப் பார்த்தான்.
கரையில் ஏறாத ஒருத்தி கப்பலில் எப்படி ஏறுவாள்?
கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை.
ஓரத்தில் நான் எழுதியிருந்த
'தோணியில் ஒன்று, பெண்' மேல்
சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தான்.
அவன் தோளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது.
பியானோவைத் துணி போர்த்தி
கயிற்றால் தரையோடு கட்டியிருந்தார்கள்,
எங்கள் ஆடுகளைப் போல.

யுத்தத்தில் அவளுக்குச் சாம்பல் நிறம் பூசி
பெயரை அழித்து எண் போட்டார்கள்.
பஸ்ராவுக்குப் பட்டாளம் கொண்டுபோனாள்,
வெட்டுப்பட்டவர்களைக் கொண்டுவந்தாள்.
பாளையங்கோட்டைப் பையன் ஒருவன் கடுதாசி எழுதினான்:
சாப்பாட்டறையில்தான் கால் எடுக்கிறார்கள்.
பிறகு பம்பாய்க்காரர் வாங்கி நூருல் பஹர் என்று பெயரிட்டார்.
ஹஜ்ஜுக்குப் போய்வந்த காயல்பட்டினம் மொகுதூம் மரைக்காயர் சொன்னார்,
"ராத்திரியெல்லாம் இருமுதா வே, என்னய மாதிரி."
முப்பத்திமூன்றில் ஒசாகாவில் உடைத்தார்கள்.
பேப்பரில் இரண்டு வரி,
பருத்தி விலைக்குக் கீழே.

நாற்பத்தொன்பது, ஆனி.
சிலோனிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
முப்பத்தேழு வயசு, விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை.
அங்கே சட்டம் வந்திருக்கிறது,
பிறந்த இடத்துக்குக் காகிதம் கேட்கிறார்கள்.
"கப்பலுக்குப் போற வழியில பொறந்தேன்னு
அம்ம சொல்லிட்டுச் செத்தா.
அந்தக் கப்பல்ல கேட்டா எழுதித் தருவாகளா?
எப்ப வரும்?"
பெயர் கேட்டேன்.
கப்பலின் பெயரைச் சொன்னாள்,
எங்கள் வாயில் நின்ற மாதிரியே.

இந்நேரம் ஜப்பானில் யார் வீட்டிலோ
ஆணியாக இருப்பாள், சவரக்கத்தியாக இருப்பாள்.
அதை நான் சொல்லவில்லை.
பரணில் ஏறினேன்.
ஒன்பதையும் பன்னிரண்டையும் கரையான் தின்றிருந்தது.
பதினொன்று இருந்தது.
பென்சில் எழுத்து மங்கி, காகித நிறத்துக்கே வந்துவிட்டது.
அந்தச் சிவப்புக் கோடு இருந்ததால்தான்
அங்கே ஏதோ எழுதியிருந்ததென்று தெரிந்தது.

பிறந்த இடம்.
தூத்துக்குடி என்றால் பொய்.
கொழும்பு என்றால் பெரிய பொய்.
'தூத்துக்குடிக்குக் கிழக்கே, தோணியில்,
ஐந்து மைலுக்குள்' என்று எழுதினேன்.
வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.
"அது எந்தத் தேசம்யா?"

முத்திரையில் பழைய கம்பெனியின் பெயர்.
அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை.
மைப்பெட்டியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு
அழுத்தி வைத்தேன்.