பதினொரு மணிக்காரிக்கு

மணி ஐந்து.
ஏரி இன்னும் வெயிலை விடவில்லை.
வலைமேல் காயும் பொடிமீனைப் புரட்டிப் போட்டுவிட்டு
கை கழுவி வந்து உனக்கு எழுதுகிறேன்,
மாத்திரைப் பெட்டியைக் கிழித்த அட்டையில், கரித்துண்டால்.
நீ படிக்கமாட்டாய். தெரியும்.
பதினொரு மணிக்கு உனக்கு எழுத்தெல்லாம் எறும்பு.

நாம் சந்தித்ததே இல்லை.
ஒரே பாவாடை, ஒரே செருப்பு,
புருவத்தில் அதே தழும்பு.
நான் போன வாசலில் நீ வருகிறாய்.
நீ வாங்கிய கடனை நான் அடைக்கிறேன்.
நீ சிரித்த சிரிப்பைச் சந்தையில் யாராவது
எனக்கு நடித்துக் காட்டுகிறார்கள்.

போன மழைக்கு நீ கொண்டுவந்த புண்ணை
நான்தான் சுமந்தேன்.
வலிக்காத புண்; அதனால்தான் பொல்லாதது
என்றாள் நர்ஸ் கெம்பாபாசி.
விரல்நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு.
மரப்பெஞ்சில் உட்கார்ந்து
இரண்டாவது கோடு மெல்லச் சிவப்பதைப் பார்த்தேன்.
பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு ஊசி.
திரும்பும் படகில் நின்றுகொண்டே வந்தேன்.
ஏன் உட்காரவில்லை என்றான் முகேர்வா.
"நீயும் போய்ப் போட்டுக்கொள், அப்புறம் கேள்."
சிரித்தான். மூன்று வாரமாகப் போகவில்லை.
அவன் போகாதவரை என்னுடையது பாதி ஊசி.

நாண்டோங்கோவின் சாராயக் கடைக்குப் பின்னால்
காலிப் பெட்டிகள்மேல் எங்கள் எட்டுப் பேரை உட்கார வைத்தாள் நர்ஸ்.
குடிக்காதே என்பாள் என்று பார்த்தேன்.
"எத்தனையாவது கிளாசில் உன் 'வேண்டாம்' தொலைகிறது?"
என்று கேட்டாள்.
ஒரு கோழி பெட்டி இடுக்கில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.
மூன்றாவது, என்றாள் நம்பூஸே.
இன்னொருத்திக்கு நாலு; காசு புரளும் நாளில் இரண்டு.
எனக்கு, எண்ணுகிறவளையே தெரியாது என்றேன்.
"அப்படியானால் அவள் வருமுன்
அவள் வேலையை நீ முடித்துவை."

ஆகவே கேள்.
பாவாடையின் இடப்பக்கம் ஒரு பை தைத்திருக்கிறேன்.
உள்ளே மூன்று ஆணுறை.
பொத்தான் வைக்கவில்லை; உன் விரல் அதோடு சண்டை போடும்.
ஓரத்தில் வெட்டு இருக்கிற இடத்தில் கிழி.
பல்லைக் கொண்டுபோகாதே.
நாண்டோங்கோவிடம் காசை இப்போதே கொடுத்துவிட்டேன்:
இரண்டு கிளாஸ் வராகி, நடுவில் தண்ணீர்.
"தண்ணீர்தான் இங்கே விலை அதிகம்" என்று
வயிறு குலுங்கச் சிரித்து வாங்கிக்கொண்டாள்.
நீயும் நம்பூஸேயும் ஒரே டார்ச் வெளிச்சத்தில் திரும்ப வேண்டும்.
தனியாக எழுந்தால் அவள் உன் செருப்பைப் பிடுங்கிக்கொள்வாள்.
பேசிவைத்தாயிற்று.

படகுக்காரன் நாளைய மீனைக் காட்டி
உறை இல்லாமல் என்றால்,
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
பட்டப்பகலிலும் இல்லை.
ஒரு கூடை மீன் ஒரு கூடை மீன்தான்.
எட்டுப் பேரும் சேர்ந்து
ஒரு படகில் பாதிப் பங்கு வாங்கலாமா என்கிறோம்.
பேச்சுத்தான் இன்னும்.

பிற்பாடு எழுதியது:

திங்கள். மூன்றும் அப்படியே.
நீ வந்து சேர்ந்திருந்தாய், செருப்போடு.

செவ்வாய். மூன்றும் அப்படியே.
பாவாடை மட்டும் உள்வெளியாக இருந்தது.
அன்றைக்குப் பொடிமீனை யார் புரட்டினார்களோ.
புதன் படகில் போனேன்.
நர்ஸ் திட்டவில்லை. மணிநேரத்தை எண்ணினாள்.
"மூன்று நாளைக்குள் வந்தாயே" என்று
இருபத்தெட்டு நாள் மாத்திரை தந்தாள்.
தினமும் ஐந்து மணிக்கு விழுங்குகிறேன்,
உன்னை நம்பாமல்.

சனி. இரண்டு.
மூன்றாவதன் காலித்தாள்
செருப்புக்குள் நாலாக மடித்துக் கிடந்தது.
வெட்டு இருந்த இடத்தில், நேராக,
ஒரு பிசிறில்லாமல் கிழித்து.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
உன் கையெழுத்தை
இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன்.

அட்டையில் இடம் முடிந்தது.
பையில் மறுபடி மூன்று.