மூச்சு விடாதவள்

தொழில்நல மருத்துவர் தாளில் எழுதியது:
குதிரை. வாரம் ஒருமுறை. ஆறு வாரம்.
ஆறிவிடும் என்றார்.
மாத்திரை என்றால் விழுங்கியிருப்பேன்.

பதினோரு வருடமாய்
அவசர அழைப்பு மையத்தில் என் வேலை.
முகமில்லாத மனிதர்கள் என் வலது காதில்
வாடகை தராமல் குடியிருக்கிறார்கள்.
எங்கே எரிகிறது, யார் விழுந்தது,
மூச்சு இருக்கிறதா, இன்னொரு முறை பாருங்கள்.
அந்தக் காதைத் தலையணையில் அழுத்தினால்தான்
எனக்குக் கொஞ்சமாவது தூக்கம்.

லாயத்துக்காரி மிர்வா
கடிவாளத்தைத் தந்துவிட்டுச் சொன்னாள்:
"வில்பாஸுக்குப் பேச்சு பிடிக்காது."
எனக்கும்தான் என்றேன்.

செம்பட்டை உடம்பு. வைக்கோல் நிறப் பிடரி.
ஏறி உட்கார்ந்த உடனே
பெரிய சத்தத்தோடு குசுவிட்டது.
எங்கள் அறிமுகம் அவ்வளவுதான்.

முதல் வாரம் தொடை வலி.
இரண்டாம் வாரமும் தொடை வலி.
மூன்றாம் வாரம் அதன் காதுகளைப் பார்த்தேன்.
ஒன்று காட்டின் பக்கம்,
ஒன்று பின்னால், என் பக்கம்.
கேட்பதற்கென்றே பிறந்த இன்னோர் உயிர்,
பதில் சொல்லும் கடமை இல்லாதது.
எனக்குக் கொஞ்சம் பொறாமை.

செப்டம்பர் கடைசி.
பிர்ச் மரங்கள் மஞ்சளைச் சில்லறையாய் இறைத்தன.
பாசி குளம்போசையை விழுங்கிவிட,
சேணத்துத் தோலின் முனகல் மட்டும் மிச்சம்.
சிலந்தி நூல் ஒன்று முதலில் குதிரையின் நெற்றியில் அறுந்தது,
பிறகு மீதி என் உதட்டில்.
இடப்பின், இடமுன்,
வலப்பின், வலமுன்.
நான்கு நான்காய் எண்ணிக்கொண்டே போனேன்.
எங்கோ எண்ணிக்கை தொலைந்தது.
தேடவில்லை.

நான்காம் வாரம்
ஓடைக்கு முன் வில்பாஸ் நின்றது.
முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீர்.
குதிகாலால் தட்டினேன். அசையவில்லை.
"தண்ணீருக்குப் பயமா?"
மிர்வா திரும்பிப் பார்த்தாள்.
"இல்லை. நீங்கள் மூச்சு விடவில்லை."

பிப்ரவரி.
ஏரி நடுவே பனி உடைந்து
முழங்கைகளால் தொங்கிக்கொண்டிருந்தார் ஒருவர்.
கைபேசி பக்கத்துப் பனியில் கிடந்தது.
அவர் கேட்டது என் குரல் மட்டும்;
நான் கேட்டது அவருக்குக் கீழே தண்ணீர்,
இதே களக் களக்.
காலை உதையுங்கள், வயிற்றால் ஊருங்கள்,
மூச்சை விடுங்கள், மூச்சை விடுங்கள்.
தொடர்பு அறுந்தது.
படகுக்காரர்கள் போனார்கள்.
பிறகு என்ன ஆயிற்றென்று
எங்களுக்குச் சொல்லும் வழக்கமில்லை.
அடுத்த அழைப்பு, பூனையின் கழுத்தில்
மாட்டிக்கொண்ட டப்பா.

வில்பாஸ் காத்திருந்தது.
தட்டவில்லை, இழுக்கவில்லை, நான் எதுவும் செய்யவில்லை.
அதன் விலாக்கூடு என் கால்களுக்கிடையே
விரிந்தது, சுருங்கியது,
அவசரமே இல்லாத துருத்தி போல.
எத்தனையாவது சுருக்கத்திலோ
என் வயிற்றிலிருந்து ஏதோ இளகி வெளியே வந்தது,
அழுகை என்று சொல்ல முடியாது,
சீழ்க்கைக்கு அருகில்.
குதிரை தலையைத் தாழ்த்தி
இரண்டு மிடறு குடித்துவிட்டு
ஓடையைக் கடந்தது.
மிர்வா அந்தப் பக்கம் நின்று
செம்பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்தாள்,
பார்க்காதவள் போல.

ஆறு வாரம் முடிந்தது.
படிவத்தில் கேட்டார்கள்:
முன்னேற்றம், பத்துக்கு எத்தனை?
கட்டங்களுக்கு வெளியே எழுதினேன்:
வில்பாஸ் இப்போதெல்லாம் ஓடையில் நிற்பதில்லை.

ஏரிக்காரரைத் தெரியாது, இன்னமும்.
காது இன்னமும் நிறைந்திருக்கிறது.
ஆனால் மணி ஒலித்ததும்
ஒரு சுருக்கத்தின் அளவு தாமதிக்கிறேன்.
மேற்பார்வையாளர் கணக்கில் அது
அரை நொடிகூட இல்லை.
பக்கத்து மேசை தார்மோ மூக்கை உறிஞ்சி,
"இங்கே என்ன வாடை?" என்கிறான்.
தெரியவில்லை என்று சொல்லிவிட்டு
நகத்திடுக்கில் ஒட்டிய வைக்கோல் நிற மயிரை
உருவாமல் விட்டுவைக்கிறேன்.

சொல்லுங்கள்.
கேட்கிறேன்.